பெயர் சொல்லா நிமிடம்

நினைவகத்துக்கு மொத்தம் பதினோரு விதிகள். பத்து விதிகளை யாரும் சீண்டுவதில்லை. ஏழாவதை மட்டும் வாசலிலேயே பித்தளைத் தகட்டில் பொறித்து, மேலே ஒரு குண்டு விளக்கும் போட்டு வைத்திருந்தார்கள். "டீச்சர் அமர்ந்த பெஞ்சின் முன்னிலையில் எவரும் அமரலாகாது."

டீச்சர் யார் என்பதை முதலில் சொல்லிவிடலாம். ஆற்றுக்கு அக்கரையில் குடியிருந்தவர்கள் எந்த அரசு அலுவலகத்திலும் உட்காரக் கூடாது என்று ஒரு காலத்தில் சட்டம் இருந்தது. பெஞ்சு காலியாகக் கிடந்தாலும் நிற்கத்தான் வேண்டும். பிள்ளைத்தாய்ச்சியானாலும் நிற்கத்தான் வேண்டும். நாற்பத்திரண்டு வருடங்களுக்கு முன்பு ஒரு செவ்வாய்க்கிழமை, அக்கரைப் பள்ளிக்கூடத்து டீச்சர் ஒருவர் பிறப்பு இறப்புப் பதிவு அலுவலகத்துக்குள் போய், பெஞ்சைக் கைக்குட்டையால் ஒரு தட்டுத் தட்டிவிட்டு உட்கார்ந்தார். அவர் பக்கத்தில் இன்னும் இரண்டு பேர் உட்கார்ந்தார்கள். அடிதடி, சிறை, ஊர்வலம் என்று ஆறு வருடம் ஓடி, கடைசியில் சட்டம் போயிற்று. டீச்சரும் வயதாகிப் போய்ச் சேர்ந்தார். உடனே அந்தப் பதிவு அலுவலகத்தை அமர்வுரிமை நினைவகம் ஆக்கி, பெஞ்சை மேடையில் ஏற்றி, சுற்றிலும் சிவப்புக் கயிறு கட்டி, வருகிறவர்களை எல்லாம் நிற்க வைத்துவிட்டார்கள்.

அந்தக் கயிற்றுக்குப் பக்கத்தில் நிற்பதுதான் சலவையக்காவின் வேலை. அரசு மருத்துவமனைச் சலவைக்கூடத்தில் இருபத்தேழு வருடம் போர்வை துவைத்ததால் வந்த பெயர். நினைவகம் திறந்த அன்றைக்கு இங்கே வந்தவள், பதினோரு வருடமாகக் காலை ஒன்பதிலிருந்து மாலை ஆறு வரை நிற்கிறாள். வருகிறவர்களுக்கு அவள் சொல்ல வேண்டிய வாக்கியத்தை வாரியமே எழுதிக் கொடுத்திருந்தது. "நீங்கள் இப்போது நின்றுகொண்டிருப்பது, உட்காருவதற்காக ஒருவர் செய்த தியாகத்தின் முன்னால்." இதைக் கேட்டுக்கொண்டே மாதத்துக்கு ஒரு பள்ளிக்கூடத்துப் பிள்ளையாவது மயங்கி விழும். விழுந்த பிள்ளையைப் படுக்க வைக்கலாம். படுப்பதைப் பற்றி விதியில் ஒன்றும் இல்லை.

டீச்சரோடு உட்கார்ந்த இரண்டு பேரில் ஒருவர் அப்போது தட்டச்சுப் பள்ளியில் படித்துக்கொண்டிருந்த பத்தொன்பது வயது இளைஞர். அவர்தான் இப்போது நினைவக வாரியத்தின் தலைவர். இன்னொரு ஆள் சலவையக்கா. இதை இங்கேயே சொல்லிவிடுவதுதான் நியாயம், ஏனென்றால் நினைவகத்தில் இதை யாரும் சொல்ல மாட்டார்கள்.

அன்றைக்கு அவளுக்குப் பதினாறு வயது. அப்பாவின் இறப்புச் சான்றிதழுக்காக நான்கு மணி நேரம் கால் கடுக்க நின்றிருந்தாள். டீச்சர் உட்கார்ந்ததும் பக்கத்தில் இடத்தைக் காட்டி, "வாம்மா, உட்காரு" என்றார். உட்கார்ந்தாள். போராட்டம் என்றெல்லாம் அவளுக்கு அப்போது தெரியாது. போலீஸ் உள்ளே வந்த நெரிசலில் டீச்சர் அவளைப் பின்வாசல் பக்கம் தள்ளிவிட்டு, தட்டச்சுப் பையனிடம், "இவ பேரு மட்டும் வெளிய வரக் கூடாது. அம்மாவும் பொண்ணுமா தனியா இருக்கறவங்க" என்றார். அந்தப் பையனைப் பதினோரு நாள் வைத்து அடித்தார்கள். மூன்றாவது ஆள் யார் என்று ஒரே கேள்விதான். கீழ்ப்பற்கள் இரண்டு போயின. பெயர் மட்டும் வரவில்லை. அவர் வெளியே வந்த அன்று அவள் சிறை வாசலில் போய் நின்று, அழுதுகொண்டே "அண்ணே" என்று கூப்பிட்டாள். அன்றிலிருந்து அவர் அவளுக்கு அண்ணன், அவள் அவருக்குத் தங்கச்சி. சட்டம் போன பிறகும் அவள் போய் நான்தான் என்று யாரிடமும் சொல்லிக்கொள்ளவில்லை. கூட உட்கார்ந்ததற்கு மெடலா கேட்பது என்று இருந்துவிட்டாள். டீச்சருக்குத் தெரியும், அண்ணனுக்குத் தெரியும், அது போதும் என்பது அவள் எண்ணம்.

மெடல் வந்தது, அண்ணனுக்கு. மூன்றாவது ஆளின் பெயரைச் சொல்லாமல் இருந்ததற்காக. நினைவகம் வந்ததும் அதை ஒரு சடங்காகவே ஆக்கிவிட்டார்கள். ஒவ்வொரு வருடமும் டீச்சர் நினைவு நாளில் அமைச்சர் மேடையில் எழுந்து, "அந்த மூன்றாவது நபர் யார்?" என்று ஒலிபெருக்கியில் கேட்பார். தலைவர் கண்ணை மூடிக்கொண்டு ஒரு நிமிடம் பேசாமல் நிற்பார். இதற்கு "பெயர் சொல்லா நிமிடம்" என்று பெயர். ஓர் எழுத்தர் கையில் விநாடிக் கடிகாரத்தோடு பக்கத்தில் இருப்பார். ஒரு வருடம் தலைவர் ஐம்பத்தெட்டாவது விநாடியில் இருமிவிட்டார். மீதி இரண்டு விநாடி மவுனத்தை அடுத்த வாரியக் கூட்டத்தில் ஒரு தீர்மானமாக நிறைவேற்றி ஈடுகட்டினார்கள். நிமிடம் முடிந்ததும் கைதட்டல், பதக்கம். அந்தப் பதக்கத் தட்டைப் பிடித்துக்கொண்டு தலைவருக்கு மூன்றடி தள்ளி நிற்பது சலவையக்கா. பதினோரு பதக்கம் அவள் கையால்தான் போயிருக்கிறது. அவளுக்கு அதில் வருத்தம் இல்லை. அண்ணனுக்குத்தானே என்று பெருமையாகத்தான் இருந்தது.

பிரச்சினை காலில் வந்தது. இடது கணுக்காலுக்கு மேலே நரம்பு சுருண்டு, தோல் கறுத்து, ஒரு புண் வைத்தது. ஆறவே இல்லை. டாக்டர் பார்த்துவிட்டு ஒரு மணி நேரத்துக்குப் பத்து நிமிடமாவது உட்கார்ந்தாக வேண்டும், இல்லாவிட்டால் காலை வைத்துக்கொள்ள முடியாது என்று எழுதியே கொடுத்துவிட்டார். சலவையக்காவுக்குத் தேவைப்பட்டது ஒரு முக்காலி. அவ்வளவுதான் கதை.

சீட்டை எடுத்துக்கொண்டு மேலாளரிடம் போனாள். மேலாளரின் நாற்காலி ஒரு மரத் தடுப்புக்குப் பின்னால் இருந்தது. அங்கிருந்து பார்த்தால் பெஞ்சு தெரியாது. ஆகவே அது பெஞ்சின் முன்னிலை ஆகாது என்று சட்ட ஆலோசகர் கருத்துச் சொல்லியிருந்தார்.

"அந்தத் தடுப்பை எனக்கும் ஒண்ணு போட்டுக் கொடுத்தாக்கூடப் போதும் சார்" என்றாள் சலவையக்கா.

"தடுப்புக்குப் பின்னால உட்கார்ந்தா பெஞ்சை எப்படிப் பார்த்துக்குவீங்க?" என்றார் மேலாளர். சீட்டை இரண்டு தடவை படித்தார். நல்ல மனிதர்தான், கண்கூடக் கலங்கிற்று. "அக்கா, உங்க கஷ்டம் எனக்குப் புரியாம இல்ல. இன்னைக்கு டீச்சர் இருந்திருந்தா உங்களுக்காக முதல் ஆளா வந்து நின்னிருப்பாங்க. அவங்க இல்லைங்கறதாலதான் நாம விதிப்படி போக வேண்டியிருக்கு."

"வேற வழியே இல்லையா சார்?"

"விதி ஏழுல ஆ-ன்னு ஒரு உட்பிரிவு இருக்கு. அன்னைக்கு நேரடியா உட்கார்ந்தவங்கன்னு வாரியம் அங்கீகரிச்சவங்க மட்டும் உட்காரலாம். உலகத்துலயே அதுக்கு ஒருத்தர்தான். நம்ம தலைவர்."

சலவையக்கா டாக்டர் சீட்டை மடித்து எடுத்துக்கொண்டாள். நாற்பத்திரண்டு வருடமாக வாயில் வராத வார்த்தை, கால் வலியில் வந்துவிட்டது.

"மூணாவது ஆள் நான்தான் சார்."

மேலாளர் சிரித்தார். ஏளனமில்லை, பழக்கம். "வாரத்துக்கு ஒருத்தர் வந்து இதையேதான் சொல்றாங்க அக்கா. போன மாசம் வந்தவருக்கு முப்பத்தஞ்சு வயசு."

"தலைவருக்குத் தெரியும் சார். அவரைக் கேளுங்க."

"அவருக்குத் தெரியும்தான். ஆனா சொல்ல மாட்டாரே. அதுக்குத்தானே அவர் தலைவரா இருக்கார்."

சலவையக்கா அன்றைக்கே மாடிக்குப் போனாள். நொண்டி நொண்டி இருபத்திரண்டு படி. தலைவரின் அறையில் அவர் பேசாமல் நிற்கும் படங்கள் வருட வாரியாக மாட்டியிருந்தன. சுழல் நாற்காலியிலிருந்து முகம் மலர, "வா தங்கச்சி, உட்காரு" என்றார். அறையில் இருந்தது அந்த ஒரு நாற்காலிதான். இவள் நின்றுகொண்டே விஷயத்தைச் சொன்னாள். புண்ணையும் காட்டினாள். அவர் முகத்தைத் திருப்பிக்கொண்டார். ரத்தம் பார்த்தால் அவருக்கு ஆகாது.

"அண்ணே, ஒரு வார்த்தை. இவதான்னு ஒரு வார்த்தை சொன்னீங்கன்னா எனக்கு முக்காலி கிடைச்சுடும். மேடை வேணாம், மெடல் வேணாம்."

தலைவர் எழுந்து ஜன்னல் பக்கம் போனார். "நான் உன்னை மறந்துட்டேன்னு நினைக்கிறியா? இந்தப் பல்லு ரெண்டும் யாருக்காகப் போச்சு?"

"எனக்காகத்தான் அண்ணே. தெரியாதா எனக்கு."

"இப்ப நான் பேரைச் சொல்லிட்டேன்னு வெச்சுக்க. அப்ப அந்தப் பல்லு எதுக்குப் போச்சு?"

அவள் புண்ணின் கட்டை மறுபடி சுற்றிக்கொண்டாள். உண்மையிலேயே யோசித்துப் பார்த்தாள்.

"எனக்காகச் சொல்லல தங்கச்சி. எட்டாம் வகுப்புப் பாடத்துல வந்துடுச்சு. மூன்றாவது நபரின் பெயரை இன்றுவரை எவரும் அறியாதது ஏன், ஒரு பக்கத்துக்கு மிகாமல் எழுதுகன்னு கேள்வியே இருக்கு. நான் வாயைத் திறந்தேன்னா அத்தனை பிள்ளைங்களோட விடையும் தப்பாயிடும். அந்தப் பாவம் நமக்கு வேணுமா?"

"அப்ப என் காலு?"

"மனுப் போடு. மூணு நகல். நான் சொல்லாம வாரியமே கண்டுபிடிச்சா யாருக்கும் சங்கடமில்ல. போட்டோவுல முழங்கை இருக்கே. அது பொய் சொல்லாது."

இருப்பது ஒரே ஒரு புகைப்படம். நடுவில் டீச்சர், அவருக்கு வலப்பக்கம் தட்டச்சுப் பையன், இடப்பக்கம் படத்தின் ஓரத்தில் ஒரு முழங்கை. அந்த முழங்கையோடு படம் முடிந்துவிடும். சலவையக்கா மனுப் போட்டாள். இரண்டு மாதம் கழித்து முழங்கை ஆய்வுக் குழு என்று ஒன்று அமைத்தார்கள். வரலாற்றுப் பேராசிரியர் ஒருவர், எலும்பு மருத்துவர் ஒருவர், சிற்பி ஒருவர். மூன்று பேரும் மரத் தடுப்புக்குப் பின்னால் உட்கார்ந்துகொண்டார்கள். தடுப்பில் ஒரு சிறு ஜன்னல் வெட்டியிருந்தது. சலவையக்கா இந்தப் பக்கம் நின்று, கையை மட்டும் ஜன்னல் வழியாக உள்ளே நீட்ட வேண்டும். மூன்று மணி நேரம் நீட்டியிருந்தாள்.

எலும்பு மருத்துவர் அளவுகோலை வைத்துப் பார்த்துவிட்டு, "இந்த மூட்டுல தேய்மானம் இருக்கு. போட்டோவுல இருக்கற மூட்டுல தேய்மானம் இல்லை" என்றார்.

"சார், அப்ப எனக்குப் பதினாறு வயசு" என்றாள் சலவையக்கா, தடுப்புக்கு இந்தப் பக்கமிருந்து.

"அதைத்தானம்மா நானும் சொல்றேன்" என்றார் மருத்துவர்.

பேராசிரியருக்குத் தேய்மானத்தில் அக்கறை இல்லை. அவர் எழுந்து நின்று, யாரும் கேட்காமலே ஒரு உரை ஆற்றினார். "நண்பர்களே, இந்த முழங்கை யாருடையது என்று கேட்பதே ஒரு வன்முறை. ஒரு முகத்தை மாட்டிவிட்டால் இது ஒருத்தியின் கை ஆகிவிடும். முகம் இல்லாதவரைக்கும்தான் இது மக்களின் கை. எளிய மனிதர்களைப் பற்றி முப்பது வருஷமா எழுதறவன் நான். இதுவரைக்கும் ஒருத்தரோட பேரைக்கூட எழுதினதில்லை. அது அவங்களுக்கு நான் செய்யற மரியாதை."

மற்ற இருவரும் மேசையைத் தட்டினார்கள். ஜன்னலில் நீட்டியிருந்த கை அப்படியே இருந்தது. அது மக்களின் முழங்கை என்று ஒருமனதாக முடிவாயிற்று. அந்த வருட நினைவு நாளில் வெண்கலத்தில் ஆளுயர முழங்கை ஒன்று திறக்கலாம் என்றும் முடிவாயிற்று. சிற்பிக்கு மாதிரிக்கு ஒரு கை தேவைப்பட்டது. எதிரிலேயே ஒன்று நீட்டிக்கொண்டிருந்ததால் அதற்கே மாவுக்கட்டுப் போட்டு அச்சு எடுத்துக்கொண்டார். மனு நிராகரிக்கப்பட்டதாகச் சலவையக்காவுக்குக் கடிதம் வந்தது. கூடவே, வெண்கல முழங்கையைத் தினமும் துடைக்கும் பொறுப்பு அவளுக்கு வழங்கப்பட்டிருப்பதாக இன்னொரு கடிதம்.

சாயங்காலம் வீட்டில் மகள் அவள் காலை வெந்நீரில் வைத்துக் கட்டை அவிழ்த்தாள். மகள் ஒரு பல் மருத்துவமனையில் உதவியாளர். புண் என்றால் என்ன என்று தெரிந்தவள்.

"முன்னைக்கு இப்ப ஆழமா போயிருக்கு அம்மா. வேலையை விட்டுடேன்."

"இன்னும் ரெண்டு வருஷம்டி. இப்ப விட்டா என்னத்தைச் செய்யறது?"

"அப்படின்னா போய் அந்த ஆளோட சட்டையைப் பிடிச்சுக் கேளு. வாய் இல்லாம நிக்கறதுக்கு மெடல் வாங்கறானே, அவனை."

"அவரை ஒண்ணும் சொல்லாதே" என்றாள் சலவையக்கா. குரல் உயர்ந்துவிட்டது. "பதினோரு நாள் அடி. நீ பார்த்திருக்கியா அந்த முகத்தை? வீங்கிப் போய் ஆள் அடையாளமே தெரியல. என் பேரு ஒண்ணுக்காக. அவர் நினைச்சிருந்தா முதல் நாளே சொல்லிட்டு வீட்டுக்குப் போயிருப்பார். கூடப் பிறந்த அண்ணன்கூட அப்படிச் செய்ய மாட்டான். அவருக்கு மனசு இருக்கு, இப்ப கை கட்டிக் கிடக்கு. வேற என்ன?"

மகள் புண்ணைத் துடைத்தாள். கட்டைக் கொஞ்சம் இறுக்கியே கட்டினாள்.

நினைவு நாள் வந்தது. காலை ஆறு மணிக்கே வரச் சொல்லியிருந்தார்கள். முழங்கையைத் துடைத்து, கயிற்றைத் துடைத்து, அமைச்சர் வரும் வழியில் நின்று, பிறகு பெஞ்சு இருக்கும் மேடைக்குப் போய்ப் பதக்கத் தட்டைப் பிடித்துக்கொண்டாள். மேடையில் முக்கியஸ்தர்களுக்கு நாற்காலி போட்டிருந்தார்கள். அவர்கள் தங்களுக்காக அல்ல, மக்களின் பிரதிநிதியாக உட்காருவதால் விதி பொருந்தாது. மக்கள் கீழே நின்றார்கள்.

அமைச்சர் வெண்கல முழங்கையைத் திறந்துவைத்துப் பேசினார். "டீச்சர் அம்மையாரின் தியாகம் வீண்போகவில்லை. அன்று இந்தக் கட்டடத்தில் ஒரு சிலர்தான் நிற்க வைக்கப்பட்டார்கள். இன்று நமது ஆட்சியில் எவ்விதப் பாகுபாடும் இல்லாமல் அனைவரும் நிற்கிறோம்." சொல்லிவிட்டுச் சட்டென்று தன் நாற்காலியைத் திரும்பிப் பார்த்தார். கூட்டம் கைதட்டியது.

பிறகு அந்தக் கேள்வி. "அந்த மூன்றாவது நபர் யார்?"

தலைவர் கண்ணை மூடினார். எழுத்தர் கடிகாரத்தை அமுக்கினார். மண்டபத்தில் மூச்சுச் சத்தம்கூட இல்லை. சலவையக்காவுக்குச் செருப்புக்குள் ஈரம் தட்டியது. குனிந்து பார்த்தாள். கட்டு நனைந்து, ரத்தம் குதிகாலுக்கு இறங்கியிருந்தது. கண் இருட்டிக்கொண்டு வந்தது. எங்கேயாவது உட்கார்ந்தால் போதும் என்று இருந்தது. மேடையில் யாருக்கும் ஒதுக்காமல் காலியாக ஒரே ஒரு இருக்கைதான் இருந்தது. தட்டைக் கீழே வைத்தாள். கயிற்றைத் தூக்கிவிட்டு உள்ளே போய், பெஞ்சின் இடது ஓரத்தில் உட்கார்ந்தாள்.

அப்பாடா என்று இருந்தது அவளுக்கு. பொய் சொல்வானேன், அந்த நேரத்தில் டீச்சர் ஞாபகம்கூட வரவில்லை.

கூட்டத்தில் முதலில் ஒரு சலசலப்பு. "இந்த வருஷம் சொல்லிட்டாங்க போல, இவங்கதானாம்" என்று யாரோ பக்கத்து ஆளிடம் சொன்னார். அமைச்சர் நிகழ்ச்சியில் இது ஒரு பகுதி என்று நினைத்துக் கைதட்ட ஆரம்பித்தார். அமைச்சர் தட்டியதும் எல்லாரும் தட்டினார்கள். தலைவர் கண்ணைத் திறந்தார். கைதட்டல் தனக்கு இல்லை என்பது அவருக்குப் புரிய இரண்டு விநாடி ஆயிற்று. பதினோரு வருடத்தில் முதல் தடவை. முகம் செத்துவிட்டது.

சலவையக்கா அவரைப் பார்த்து லேசாகச் சிரித்தாள். மன்னிச்சுக்குங்க அண்ணே, முடியல, என்கிற சிரிப்பு.

"அந்தம்மா யாருன்னு எனக்குத் தெரியாது" என்றார் தலைவர் ஒலிபெருக்கியில். "யாராவது வெளிய கூட்டிட்டுப் போங்க."

நிமிடம் முப்பத்தொன்றாவது விநாடியில் முறிந்ததாக எழுத்தர் குறித்துக்கொண்டார். காவலாளிகள் இரண்டு பேர் வந்து அவளைத் தூக்கினார்கள். இரண்டு பேருமே அக்கரைப் பையன்கள். "பத்து நிமிஷம்பா, டாக்டர் எழுதியிருக்காரு" என்றாள். அவர்கள் மெதுவாகத்தான் தூக்கினார்கள்.

குற்றச்சாட்டுக் குறிப்பாணை மறுநாளே வந்துவிட்டது. முக்காலிக்கான மனுவுக்கு எட்டு மாதம் எடுத்துக்கொண்ட அதே அலுவலகம்தான். விதி ஏழை மீறி அமர்ந்தது. விசாரணை மாடியில், தலைவரின் அறையில். அன்றைக்கு அங்கே நாலைந்து நாற்காலிகள் போட்டிருந்தார்கள். குற்றம் சாட்டப்பட்டவர் நிற்க வேண்டும் என்பது எல்லா அலுவலகத்திலும் உள்ள நடைமுறைதான், அதை நினைவகத்தின் தலையில் கட்டக் கூடாது.

போவதற்கு முன்னால் மகள் கூட வருகிறேன் என்றாள். சலவையக்கா வேண்டாம் என்றுவிட்டாள். "சாட்சிக்கு அண்ணனைக் கூப்பிட்டிருக்காங்க. மேடையில தெரியாதுன்னு சொன்னார்னா அது விழா. அமைச்சர் முன்னாடி என்ன செய்வார் பாவம். மூடின ரூம்ல என்னை விட்டுக்கொடுக்க மாட்டார்."

விசாரணை அதிகாரி ஓய்வுபெற்ற நீதிபதி. சாதுவான மனிதர். காகிதங்களைப் புரட்டிவிட்டு, "அம்மா, உட்கார்ந்தீங்களா?" என்று கேட்டார்.

"உட்கார்ந்தேன் சார். கால்ல ரத்தம்."

"சரி. முதல் தடவைன்னா எச்சரிக்கையோட விட்டுடலாம்னு விதி சொல்லுது. உடம்புக்கு முடியாம செஞ்சது. இதுக்கு முன்னாடி ஏதாவது இருக்கா?"

"ரெக்கார்டுல ஒண்ணும் இல்ல சார்" என்றார் மேலாளர். அவருக்கும் சீக்கிரம் முடிந்தால் தேவலை என்று இருந்தது. அதிகாரி பேனாவைத் திறந்தார்.

"இருக்கு" என்றார் தலைவர்.

எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள். தலைவர் எழுந்து நின்றார். மேடையில் நிற்பது போலவே, கைகளை முன்னால் கோர்த்துக்கொண்டு. "நாற்பத்திரண்டு வருஷத்துக்கு முன்னால, ஒரு செவ்வாய்க்கிழமை, காலை பதினொன்றே கால் மணி. இதே கட்டடம், இதே பெஞ்சு, இதே இடது ஓரம். தடை இருந்தும் உட்கார்ந்தாங்க. என் ரெண்டு கண்ணால பார்த்தேன். டீச்சருக்கு அந்தப் பக்கம் இவங்க, இந்தப் பக்கம் நான்." பிறகு அவள் பெயரைச் சொன்னார். முழுப் பெயர், அப்பா பெயரோடு. நிறுத்தி, எழுத்தர் எழுதிக்கொள்ளும் வேகத்தில் சொன்னார்.

சலவையக்காவுக்கு முதலில் சந்தோஷமாகத்தான் இருந்தது. அதைச் சொல்லத்தான் வேண்டும். அண்ணன் சொல்லிவிட்டார், கடைசியில் சொல்லிவிட்டார் என்று நெஞ்சு குளிர்ந்தது. எதற்குச் சொல்கிறார் என்பது மெதுவாகத்தான் உறைத்தது.

அதிகாரி கண்ணாடியைக் கழற்றினார். "மேடையில தெரியாதுன்னு சொன்னீங்களே."

"அது நிகழ்ச்சி. இது சாட்சி. சாட்சியில நான் பொய் சொல்ல மாட்டேன்."

"அந்தச் சட்டத்தையே எடுத்தாச்சே?"

இதற்கு மேலாளர்தான் பதில் சொன்னார். தலைவர் தன்னைப் பார்த்ததால் சொன்னார். "சட்டத்தைத்தான் எடுத்தாங்க சார். உட்கார்ந்தது உட்கார்ந்ததுதானே."

"வேற ஆதாரம்?"

"சார், நாற்பத்திரண்டு வருஷம் எத்தனையோ பேர் கேட்டும் சொல்லாதவர் இவர். அவரே வாயைத் திறந்து சொல்றார்னா, இதைவிடப் பெரிய ஆதாரம் எங்க இருக்கு?"

அதிகாரிக்கு அது நியாயமாகப் பட்டது. இரண்டாவது முறை என்றால் எச்சரிக்கைக்கு இடமில்லை. அவர் சொல்லச் சொல்ல எழுத்தர் எழுதினார். இன்னார் டீச்சருடன் அமர்ந்த மூன்றாவது நபர் என்பது ஐயத்துக்கிடமின்றி நிரூபணமாகிறது. ஆகவே இவர் அமரும் வழக்கமுடையவர். ஆகவே பணிநீக்கம்.

"சார்" என்றாள் சலவையக்கா. "மூணாவது ஆள் நான்தான்னு ஆயிடுச்சுல்ல. அப்ப ஏழு ஆ-படி நான் உட்காரலாமே."

அதிகாரி விதிப்புத்தகத்தை வாங்கிப் பார்த்தார். "உட்காரலாம்தான். இந்த நிமிஷத்துலேர்ந்து உங்களுக்கு அந்த உரிமை உண்டு. ஆனா அது பணியில இருக்கறவங்களுக்கு, பணி நேரத்துல. நீங்க இப்ப பணியில இல்லையே."

தலைவர் மேசையைச் சுற்றி அவள் பக்கம் வந்தார். குரலைத் தாழ்த்தினார். "மனசுல வெச்சுக்காதே தங்கச்சி. பேரு ரெக்கார்டுல ஏறணும்னு நீதானே கேட்ட. ஏத்தியாச்சு. அடுத்த வருஷம் அமைச்சர் கேள்வி கேக்கும்போது நான் உன் பேரைச் சொல்லப் போறேன். புது நிகழ்ச்சி. உனக்கும் அழைப்பிதழ் வரும்."

அவளுக்கு அழுகை வரவில்லை. பதினோரு நாள் பூட்ஸ் காலால் மிதித்துப் பிடுங்க முடியாத பெயர். இன்றைக்கு யாரும் கை ஓங்கவில்லை, அதட்டவில்லை, யாரும் அவரைக் கேட்கக்கூட இல்லை. தானே எழுந்து நின்று கொடுத்துவிட்டார். இந்த ஆளுக்காகத்தான் மகளிடம் குரல் உயர்த்தினோம் என்று நினைத்தபோது வெட்கமாக இருந்தது.

"சார், ஒரு கட்டம் விட்டுப் போச்சு" என்றார் எழுத்தர், படிவத்தைப் பார்த்தபடி. "சாட்சியைக் குற்றம் சாட்டப்பட்டவருக்கு முன்பே தெரியுமா? இதை நிரப்பினாத்தான் கையெழுத்து வாங்கலாம்."

"வழக்கமான கேள்விதாம்மா" என்றார் அதிகாரி. "சாட்சி சொன்ன இவரை உங்களுக்கு முன்னாடியே தெரியுமா?"

சலவையக்கா தலைவரைப் பார்த்தாள். நன்றாக, நேரம் எடுத்துக்கொண்டு பார்த்தாள். அறையில் எல்லாரும் காத்திருந்தார்கள். தலைவர் ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

"தட்டச்சுப் பள்ளிக்கூடத்துல ஒரு பையனைத் தெரியும் சார்" என்றாள். "இவரைத் தெரியாது."

கட்டம் சின்னது. எழுத்தர் யோசித்துவிட்டு, தெரியாது என்று மட்டும் எழுதி அவள் பக்கம் திருப்பிக் காட்டினார்.

"சரியா இருக்கு" என்று சொல்லிவிட்டு, நின்றபடியே கையெழுத்துப் போட்டாள்.